காலேஜ் ஸ்டாண்டுல மாணவர் வண்டிக்கு இடம் இல்லைங்கிறாங்க. உங்க காலேஜ்ல எப்படி?

அன்னூர்_பக்கம்

எங்க காலேஜ் கோயம்புத்தூருக்கு வெளிய இருக்குங்க. பேரு வேண்டாம். போன திங்கக்கிழமை நோட்டீஸ் போர்டுல ஒரு சுற்றறிக்கை ஒட்டிட்டாங்க. அடுத்த செமஸ்டர்ல இருந்து மாணவர் டூ-வீலருக்கு உள்ள அனுமதி கிடையாது. காலேஜ் பஸ்ஸுல வரணும், இல்லன்னா வெளிய நிறுத்திக்கணும், வெளிய நிக்குற வண்டிக்கு நிர்வாகம் பொறுப்பில்ல. காரணம்னு ஒரே ஒரு வரி: 'மாணவர் ஒழுக்கம் மற்றும் பாதுகாப்பு கருதி.'

நான் மெக்கானிக்கல் மூணாம் வருஷம். ஊர் அன்னூர் பக்கம் ஒரு கிராமம். காலேஜ் பஸ் எங்க ஊருக்கு வராது. மெயின் ரோட்டுக்கு நாலு கிலோமீட்டர் நடந்து வந்து 6.50க்கு நிக்கணும். சாயங்காலம் 4.45க்கு பஸ் எடுத்தா திரும்ப அதே இடத்துலதான் இறக்கி விடும். ஆனா நான் காலேஜ் முடிஞ்சதும் வீட்டுக்குப் போறதில்லைங்க. கோயம்புத்தூர் கணபதியில ஒரு லேத் பட்டறையில அஞ்சரையிலிருந்து ஒன்பதரை வரைக்கும் வேலை. அந்தச் சம்பளத்துலதான் செமஸ்டர் ஃபீஸ்ல பாதி கட்டுறேன். வண்டி எங்க அப்பாவோட பழைய ஸ்ப்ளெண்டர். அது இல்லன்னா பட்டறை வேலை இல்ல. பட்டறை இல்லன்னா ஃபீஸ் இல்ல.

வெளிய நிறுத்துறதுன்னா எங்கன்னு பார்த்தா ஹைவே ஓரம். ஒரு டீக்கடை, ஒரு ஜெராக்ஸ் கடை, அதுக்கு அப்புறம் சாக்கடை. சுமார் எழுநூறு வண்டி அங்க எப்படி நிக்கும்?

பிரின்சிபாலுக்கு ஒரு மனு எழுதலாம்னு பத்துப் பேர் சேர்ந்திருக்கோம். சும்மா 'தயவு கூர்ந்து' மனு கொடுத்தா குப்பைக்குத்தான் போகும். உங்க காலேஜ்ல என்ன வழக்கம், எது நடந்தது, எது நடக்கலன்னு சொல்லுங்க. அதை வெச்சு எழுதுறோம்.

ஈசிஇ_பொண்ணு

எங்க காலேஜ்ல ரெண்டு வருஷம் முன்னாடியே வெளிய தள்ளிட்டாங்க. முதல் மாசத்துல பெட்ரோல் ட்யூப் அறுத்த வண்டி மட்டும் எங்க கிளாஸ்ல மூணு. ஹெல்மெட் போனது கணக்கே இல்ல. எதிர்க்க ஒருத்தர் காலி மனையில கயிறு கட்டி நாளைக்குப் பத்து ரூபான்னு வசூல் பண்ண ஆரம்பிச்சார். இப்ப இருபது. மாசம் நானூறு, ஐநூறு அங்கயே போகுது. மழை பெஞ்சா அந்த மனையில கணுக்கால் வரைக்கும் சேறு.

தமிழ்வழி_ஆசிரியை

நான் ஒரு பொறியியல் கல்லூரியில் பதினோரு வருடமாகப் பாடம் எடுக்கிறேன். எங்கள் பக்கத்தையும் கேளுங்கள் தம்பிகளா.

2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை சொல்கிறது. அதில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். அந்த ஆண்டு நாட்டிலேயே அதிக விபத்துகள் பதிவானது நம் தமிழ்நாட்டில்தான். இந்த எண்கள் எனக்கு வெறும் எண்கள் அல்ல. என் வகுப்பில் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு பையனின் வருகைப் பதிவேட்டுப் பக்கத்தில், ஒரு நாளோடு டிக் நின்றுபோனது. ஹெல்மெட் பெட்ரோல் டேங்க் மேல் இருந்தது. அவன் அம்மா சான்றிதழ்களை வாங்க வந்த அன்று நான்தான் ஆபீசுக்கு அழைத்துப் போனேன்.

முதலாம் ஆண்டுக்கு வருகிற பிள்ளைகளில் நிறையப் பேருக்குப் பதினேழு வயதுதான். லைசென்ஸ் இருக்காது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, பதினெட்டு நிரம்பாதவர் வண்டி ஓட்டிச் சிக்கினால் பெற்றவருக்கோ வண்டிக்காரருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் உண்டு. பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. கிராமத்திலிருந்து வரும் அப்பா அம்மாவுக்கு இது தெரிவதே இல்லை.

இன்னொன்று, ஆம்புலன்ஸ். ஹாஸ்டல் பெண்ணுக்கு வலிப்பு வந்த ஒரு நாள், பிளாக்கை ஒட்டிய பாதையில் இரண்டு பக்கமும் வண்டி நின்றதால் ஆம்புலன்ஸ் உள்ளே வர முடியவில்லை. ஸ்ட்ரெச்சரைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். தீயணைப்பு வண்டியாக இருந்தால்? 2004இல் கும்பகோணத்தில் 94 குழந்தைகளைத் தீயில் இழந்த மாநிலம் இது. வழி மறிபடக் கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆனால் 'ஒழுக்கம்' என்ற வார்த்தையை அந்தச் சுற்றறிக்கையில் போட்டிருக்கக் கூடாது. அது தப்பு. வண்டியில் வருவது ஒழுக்கக்கேடு இல்லை.

அன்னூர்_பக்கம்

மேடம், வணக்கம். நீங்க சொன்ன பையனைப் பத்திப் படிச்சதும் கொஞ்ச நேரம் ஒண்ணும் எழுத முடியல.

பதினெட்டு ஆகாதவங்களை உள்ள விட வேண்டாம்னு நாங்களே மனுவுல எழுதுறோம். லைசென்ஸ், இன்சூரன்ஸ், ஆர்.சி. ஜெராக்ஸ் கொடுத்தவங்களுக்கு மட்டும் ஸ்டிக்கர்னு வெச்சா நூத்துக்கணக்குல வண்டி தானா குறைஞ்சிடும். ஆம்புலன்ஸ் வழியும் சரிதான்.

ஒண்ணு மட்டும் சொல்லணும் மேடம். வண்டியை கேட்டுக்கு வெளிய நிறுத்தச் சொன்னா நாங்க வண்டி ஓட்டுறது நிக்காது. வீட்டுல இருந்து காலேஜ் வரைக்கும் அதே ரோடுதான். உள்ள விடும்போது கேட்டுல ஹெல்மெட் இருக்கான்னு வாட்ச்மேன் அண்ணன் பார்ப்பார். இல்லாதவனைத் திருப்பி அனுப்புவார். வெளிய நிறுத்த ஆரம்பிச்சா அந்த ஒரு கண்ணும் இருக்காது.

தமிழ்வழி_ஆசிரியை

இதை நான் யோசிக்கவில்லை. அந்தக் கடைசிப் பத்தியை மனுவில் முதல் பத்தியாக வையுங்கள்.

அடையாறு_சைக்கிள்

நான் ஐஐடி மெட்ராஸ்ல படிக்கிறேன். இங்க மாணவர்களுக்கு மோட்டார் வண்டியே கிடையாது. அறுநூறு ஏக்கருக்கு மேல இருக்கிற வளாகம், எல்லாரும் சைக்கிள்தான். மெயின் கேட்டுல இருந்து ஹாஸ்டல் வரைக்கும் பஸ் ஓடுது. ரோட்டுல புள்ளிமான் படுத்திருக்கும், சில இடத்துல வெளிமானும் நிக்கும். வண்டிச் சத்தம் இல்லாததால காலையில நடக்கவே நல்லா இருக்கும்.

எல்லாக் காலேஜும் இப்படிப் பண்ணலாமேன்னு முதல்ல தோணுச்சு. ஆனா எங்களுக்கு இது ஒத்து வர்றதுக்குக் காரணம் நாங்க உள்ளயே குடியிருக்கோம். வகுப்புக்கும் ரூமுக்கும் ஒண்ணு ரெண்டு கிலோமீட்டர். முப்பது கிலோமீட்டர் தள்ளியிருந்து வர்ற டே ஸ்காலருக்கு இதைச் சொல்ல முடியாது. ஒரு விஷயம் மட்டும் எடுத்துக்கலாம்: இங்க வண்டி வேணாம்னு சொன்னவங்க பதிலுக்கு பஸ் விட்டிருக்காங்க.

கல்லூரிச்சாலை

பஸ் பத்திப் பேச்சு வந்ததால சொல்றேன். நான் அரசு கலைக் கல்லூரி, பி.ஏ. பொருளியல். 2021 மே மாசத்துல இருந்து சாதாரண டவுன் பஸ்ல பொண்ணுங்களுக்கு டிக்கெட் இல்ல. எங்க வகுப்புல ஆறேழு பேர் படிப்பைத் தொடர்றதுக்கே அதுதான் காரணம். நானும் அதுலதான் வர்றேன். வண்டி எல்லாருக்கும் இருக்குங்கிற நினைப்புலயே பேசாதீங்க. வண்டி இல்லாதவங்கதான் எங்க காலேஜ்ல பாதிக்கு மேல.

ஆனா லேப் முடிஞ்சு அஞ்சரைக்கு மேல ஆனா எங்க ஊருக்கு அடுத்த பஸ் ஏழேகால். ஸ்டாப்புல லைட் கிடையாது. என் ஃப்ரெண்டு ஸ்கூட்டி வாங்கினதுக்கு ஒரே காரணம் அந்த ஒன்றரை மணி நேரக் காத்திருப்பு. வாங்கின பிறகு என்ன ஆச்சு? ஸ்டாண்டு காலேஜோட பின்கோடியில, கேன்டீன் சுவருக்குப் பின்னாடி. அங்கயும் லைட் இல்ல. நாங்க நாலு பேரா செல்போன் டார்ச் அடிச்சுக்கிட்டுப் போய் அவளை வண்டி எடுக்க வெச்சுட்டு வர்றோம்.

ஸ்டாண்டை எங்க வேணா வைங்க. ரெண்டு ட்யூப் லைட் போடுங்க. இது என் கோரிக்கை, மனுவுல சேர்த்துக்கோங்க.

மூணு_சக்கரம்

ரொம்ப நாளா இந்த இழைகளைப் படிக்கிறவன். இன்னைக்குத்தான் எழுதுறேன்.

எனக்கு ரெண்டு காலும் போலியோவுல போச்சு. அரசு கொடுத்த இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர்லதான் காலேஜுக்கு வர்றேன். அதோட பின்பக்க அகலம் கிட்டத்தட்ட நாலடி. சாதாரண வண்டி வரிசைக்குள்ள போகாது. அதைவிட முக்கியமா, இதுல ரிவர்ஸ் கியர் கிடையாது. முன்னாடி போற மாதிரிதான் நிறுத்தணும், முன்னாடி போற மாதிரிதான் எடுக்கணும். எனக்கு எதிர்ல ஒரே ஒரு பல்சர் நிறுத்திட்டுப் போனாலும் நான் மாட்டிக்கிட்டேன். இறங்கித் தள்ள என்னால முடியாது. யாராவது வர்ற வரைக்கும் வண்டி மேலயே உக்காந்திருப்பேன். ஒரு நாள் இன்டர்னல் எழுதிட்டு ஒரு மணிக்கு வந்தவன் மூணு இருபது வரைக்கும் உக்காந்திருந்தேன். வண்டிக்காரப் பையன் வந்து 'சாரி ப்ரோ, பார்க்கல'ன்னான். நிஜமாவே பார்க்கலதான். அவன் மேல எனக்குக் கோவம் இல்ல.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இல் வந்தது. மத்திய அரசு அதே வருஷம் வெளியிட்ட கட்டட வழிகாட்டியில, வாசலுக்கு 30 மீட்டருக்குள்ள 3.6 மீட்டர் அகலத்துல எங்களுக்கு இடம் விடணும்னு இருக்கு. எங்க காலேஜ்ல நீலப் பெயின்ட்ல சக்கர நாற்காலிப் படம் அழகா வரைஞ்சிருக்காங்க. இன்ஸ்பெக்ஷன் வந்தப்ப வரைஞ்சது. அதுமேல தினமும் ஒரு கார் நிக்குது.

உங்க காலேஜ்ல என்னை மாதிரி யாராவது இருந்தா, அவங்ககிட்ட கேட்டுட்டு மனு எழுதுங்க.

அன்னூர்_பக்கம்

அண்ணா, எங்க டிபார்ட்மென்ட்லயே ஃபர்ஸ்ட் இயர்ல ஒரு பொண்ணு இப்படி வண்டியில வர்றாங்க. இத்தனை நாள் நான் ஒரு தடவைகூட அவங்க எங்க நிறுத்துறாங்கன்னு பார்த்ததில்ல. நாளைக்குப் போய்ப் பேசுறேன்.

காவலர்_மகன்

எங்க அப்பா ஒரு தனியார் காலேஜ்ல வாட்ச்மேன். ஸ்டாண்டு டூட்டி. அவர் சொல்றதை எழுதுறேன்.

வண்டிக்காரப் பசங்க எட்டரை மணிக்கு மொத்தமா வர்றாங்க. நாற்பது நிமிஷத்துல நானூறு வண்டி. வரிசையில வைக்க அப்பா ஒரே ஆள். லேட்டா வர்றவன் எங்க சந்து கிடைக்குதோ அங்க சொருகிட்டு ஓடுவான். சைடு லாக் வேற போட்டுட்டுப் போயிடுவான். லாக் போட்ட வண்டி அசையாது. உள்ள மாட்டின பையன் மத்தியானம் வந்து அப்பாவைத்தான் திட்டுவான். அதனால அப்பா 'சைடு லாக் போடாதீங்க கண்ணு'ன்னு கெஞ்சுவார். லாக் போடாத வண்டி ஒண்ணு போன வருஷம் திருட்டுப் போச்சு. நிர்வாகம் யாரைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கும்? அப்பாவை. மூணு மாசம் சம்பளத்துல பிடிச்சாங்க. லாக் போடச் சொன்னாலும் அவர் தப்பு, போட வேண்டாம்னாலும் அவர் தப்பு.

அப்புறம் மழை. எங்க பக்கம் கரிசல் மண்ணு. நாலு தூறல் விழுந்தா சைடு ஸ்டாண்டு கத்தி மாதிரி உள்ள இறங்கும். ஒரு வண்டி சாய்ஞ்சா அந்த வரிசையே சாயும். ஒரு நாள் பதினெட்டு வண்டி ஒண்ணு மேல ஒண்ணு கிடந்ததை அப்பா தனி ஆளா நிமிர்த்தியிருக்கார். அவருக்கு 58 வயசு. அன்னைக்கு ராத்திரி அம்மா தைலம் தேய்ச்சு விட்டாங்க.

இப்ப அப்பா ஒரு வேலை பண்ணியிருக்கார். தரை போட வந்த மேஸ்திரிகிட்ட உடைஞ்ச கடப்பா கல்லு கேட்டு வாங்கி, உள்ளங்கை அளவுல துண்டு போட்டு ஒரு சாக்குல வெச்சிருக்கார். மழை நாள்ல வண்டி வைக்கிறவங்களுக்கு ஆளுக்கு ஒரு துண்டு. ஸ்டாண்டுக்கு அடியில வெச்சா இறங்காது. போகும்போது திரும்பச் சாக்குல போட்டுடணும். முதல்ல பாதிப் பேர் போடல. இப்பப் போடுறாங்க.

உங்க மனுவுல வாட்ச்மேனுக்கு இன்னொரு ஆள் கேளுங்க. காலையில ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் இருந்தா போதும்.

சட்டம்_இரண்டாமாண்டு

'வண்டிக்கு நிர்வாகம் பொறுப்பில்லை' பத்தி ஒரு வார்த்தை. அப்படிச் சீட்டுல அச்சடிச்சுட்டாலே பொறுப்பு போயிடும்னு எல்லாரும் நம்புறாங்க. அப்படி இல்ல. 2019 நவம்பர்ல உச்ச நீதிமன்றம் ஒரு ஓட்டல் வழக்குல தீர்ப்பு சொன்னது. சாவியை வாங்கி நிறுத்துற ஓட்டல், 'உரிமையாளர் பொறுப்பு'ன்னு டோக்கன்ல போட்டிருக்கிற காரணத்தால மட்டும், தன் ஆட்களோட அலட்சியத்துக்குத் தப்பிக்க முடியாதுன்னு. அங்க சாவி கைமாறுது. காலேஜ் ஸ்டாண்டுல மாறுறதில்ல. அதனால அந்தத் தீர்ப்பு நேரா உங்களுக்குப் பொருந்தும்னு சொல்ல மாட்டேன். ஆனா ஸ்டாண்டு கட்டணம்னு காசு வாங்கி, டோக்கன் கொடுத்து, காவலுக்கு ஆள் போட்டிருந்தா, பார்த்துக்கிற கடமை எங்களுக்கு இல்லவே இல்லன்னு கைவிரிக்கிறது அவ்வளவு லேசு இல்ல. கட்டண ரசீதைத் தூக்கிப் போடாதீங்க.

கூடவே, காவலர் சம்பளத்துல திருட்டுப் போன வண்டிக்காகப் பிடிக்கிறதும் நினைச்சபடி பண்ணக்கூடியது இல்ல. ஊழியர் தரப்பைக் கேட்காம பிடித்தம் செய்யக் கூடாது. காவலர்_மகன், எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்க.

டேப்_பிடிச்சவன்

சிவில், கடைசி வருஷம். இடம் இல்லன்னு சொல்றாங்களே, நிஜமா இல்லையான்னு அளந்து பார்த்தோம். போன செமஸ்டர் சர்வே லேப் பிராக்டிஸுன்னு சொல்லியே எங்க காலேஜ் பார்க்கிங்கை டேப் பிடிச்சு அளந்துட்டோம்.

ஒரு காருக்கு 2.5 மீட்டருக்கு 5 மீட்டர் கட்டம். அது திரும்பி எடுக்க நடுவுல பாதை வேணும். அதுல பாதியைச் சேர்த்தா ஒரு காருக்கு 20 சதுர மீட்டர் ஆயிடுது. பைக் நீளம் 2 மீட்டர், ஹேண்டில் பார் முக்கால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. 80 சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டு, தள்ளிக்கிட்டு வர ரெண்டு வரிசைக்கு நடுவுல 2 மீட்டர் பாதை விட்டா, ஒரு பைக்குக்கு 2.4 சதுர மீட்டர். அதாவது ஒரு கார் பிடிக்கிற இடத்துல எட்டு பைக் வசதியா நிக்கும், எல்லாம் தனித்தனியா எடுக்கலாம்.

எங்க காலேஜ்ல வேப்ப மரத்து நிழல் முழுக்க கார். தகரக் கூரை போட்ட ஷெட்டும் கார். பைக்குக்கு வெட்டவெளி. மத்தியானம் சீட்டுல கை வைக்க முடியாது. பேராசிரியர்கள் வெயில்ல நிறுத்தணும்னு நான் சொல்லல. ஷெட்டுல பத்துக் கட்டம் பெரும்பாலும் காலியாவே கிடக்குது, 'விருந்தினர்'னு பலகை வெச்சு. ரெண்டு வாரம் தினமும் பதினொரு மணிக்குப் போய் எண்ணினோம். அதிகபட்சம் மூணு கார்தான் நின்னுச்சு. மீதி ஏழு கட்டத்துல 56 வண்டி நிக்கும்.

மனுவுல வார்த்தையைக் குறைச்சுக்கோங்க. ஒரு வரைபடம் போடுங்க, அளவு போடுங்க. எங்க பிரின்சிபால் கையில மனு ரெண்டு மாசமா கிடந்தது. வரைபடத்தைக் கொடுத்த அன்னைக்கே எஸ்டேட் ஆபீசரைக் கூப்பிட்டார்.

இன்னும் ஒண்ணு: வர்ற நேரத்தைப் பார்த்து வரிசை போடாதீங்க, போற நேரத்தைப் பார்த்துப் போடுங்க. மத்தியானமே கிளம்புறவங்க, வேலைக்கு ஓடுறவங்க முன்வரிசை. ஹாஸ்டல் பசங்க வண்டி வாரத்துக்கு ஒரு தடவைதான் அசையும், அது கடைசிச் சுவரோரம். சைடு லாக் பிரச்சினை பாதி இதுலயே தீர்ந்துடும். யாரும் யாரோட வண்டியையும் நகர்த்த வேண்டியதில்ல.

சார்ஜ்_இல்லை

எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வெச்சிருக்கிறவங்க சார்பா: ஸ்டாண்டுல நாலு பிளக் பாயின்ட் போட்டுக் கொடுத்தா காசு கொடுத்துச் சார்ஜ் பண்ணிக்கிறோம். இப்ப பசங்க லேப்ல, வராண்டாவுல எக்ஸ்டென்ஷன் இழுத்துச் சொருகுறாங்க. அது ஆபத்து.

காரில்_வரும்_மாணவன்

நான் கார்ல வர்றேன். இங்க கார்னாலே பணத்திமிருன்னு ஒரு பேச்சு ஓடுது. எங்க அம்மாவுக்கு வாரத்துல மூணு நாள் டயாலிசிஸ். காலையில ஆஸ்பத்திரியில விட்டுட்டு வந்து, மத்தியானம் போய் அழைச்சுக்கிட்டு வரணும். எட்டு பைக் இடத்தை நான் எடுத்துக்கிறேன்னு டேப்_பிடிச்சவன் எழுதினதைப் படிச்சேன், கணக்கு சரிதான். அந்த மூணு நாள் மட்டும் உள்ள, மத்த நாள்ல பஸ்ல வர்றேன். அப்படி ஒரு பாஸ் யாரும் கொடுக்கிறதில்ல. வருஷம் முழுக்க இல்லன்னா இல்லவே இல்ல.

டேப்_பிடிச்சவன்

நண்பா, உங்களைச் சொல்லல. நாள்கணக்குப் பாஸ் நல்ல யோசனை, எங்க வரைபடத்துலயும் சேர்க்கிறேன். அம்மா நல்லா இருக்கட்டும்.

அன்னூர்_பக்கம்

மூணு வாரம் ஆச்சு. என்ன நடந்ததுன்னு சொல்றேன்.

அந்த ஃபர்ஸ்ட் இயர் பொண்ணுகிட்ட முதல்ல பேசினோம். அவங்க தினமும் 7.40க்கே வந்துடுறாங்களாம். லேட்டா வந்தா உள்ள நுழைய முடியாது, வெளிய எடுக்கவும் முடியாதுன்னு. ஒரு மணி நேரம் முன்னாடி வந்து தனியா வகுப்புல உக்காந்திருக்காங்க. சாயங்காலம் எல்லாரும் போனப்புறம் கிளம்புறாங்க. ஒரு செமஸ்டரா இதே கதை. 'எனக்கு ரெண்டு பக்கமும் திறந்த இடம் வேணும் அண்ணா, நேரா வந்து நேரா போகணும்'னாங்க. அதை அப்படியே வரைபடத்துல முதல் கட்டமா போட்டோம்.

மனு ஒரு பக்கம், வரைபடம் ஒரு பக்கம். ஆசிரியை மேடம் சொன்ன மாதிரி ஹெல்மெட் பத்தி முதல்ல. பதினெட்டு வயசு, லைசென்ஸ், ஆம்புலன்ஸ் பாதையில மஞ்சள் கோடு, அதுல நிக்குற வண்டிக்கு ஸ்டிக்கர் ரத்து. இதெல்லாம் நாங்களே ஒத்துக்கிட்டு எழுதினோம். 412 பேர் கையெழுத்து.

பிரின்சிபால் அரை மணி நேரம் பேசினார். தடையை அடுத்த செமஸ்டர் முடியுற வரைக்கும் நிறுத்தி வெச்சிருக்காங்க, எடுத்துடல. ஸ்டிக்கர் முறைக்குச் சரின்னுட்டார். காலையில ரெண்டாவது வாட்ச்மேன் வர்றார். லைட்டுக்கு எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்துட்டுப் போனார், இன்னும் போடல. கார் ஷெட்டைப் பத்திக் கேட்டதுக்கு 'மேனேஜ்மென்ட்கிட்ட பேசுறேன்'னார். அது என்ன ஆகும்னு எங்களுக்கே தெரியும். விடப் போறதில்ல.

கோடு போடுற வேலையை நாங்களே எடுத்துக்கிட்டோம். சனிக்கிழமை காலையில இருபது பேர் சுண்ணாம்பு, கயிறு, டேப் எடுத்துக்கிட்டு இறங்கினோம். பட்டறை முதலாளி விஷயத்தைக் கேட்டுட்டு, வெட்டி மிஞ்சின இரும்புப் பட்டைத் துண்டு நூத்தம்பது கொடுத்தார், சைடு ஸ்டாண்டுக்கு அடியில வைக்க. கடப்பா கல்லைவிட இது உடையாது. காவலர்_மகன், உங்க அப்பாகிட்ட சொல்லுங்க. அவர் யோசனைதான்.

அந்தப் பொண்ணு இன்னைக்கு 8.35க்கு வந்தாங்க.